அழிரப்பர்

ஒன்பது இருபதுக்கு
திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில்,
ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

வாசலில் அங்கப்பனின் வண்டி.
இந்தூருக்கு இருபத்தைந்து டன் ஜவ்வரிசி,
தார்ப்பாய் இழுத்துக் கட்டியாயிற்று,
முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.
இ-வே பில்லில் வண்டி நம்பர் ஏறவில்லை.
ஏறாமல் கிளம்பினால்
தொப்பூர் இறங்குவதற்குள் மறித்துவிடுவார்கள்.

செல்லில் போடலாமே என்பீர்கள்.
சங்ககிரி மலை மறைவில் இருக்கிறது எங்கள் ஆபீஸ்.
வாசலை அடைத்து லாரி நின்றால்
சிக்னல் ஒரே கோடு.
பேசத்தான் ஆகும்.

பேசினேன்.
பள்ளிபாளையத்திலிருந்து மாதேஸ்வரன்,
வாயில் சோற்றோடு:
"ஏனுங் அக்கா, ஒயரப் புடுங்கி மாட்டுனீங்ளா?"
மாட்டினேன்.
"அணைச்சுப் போட்டீங்ளா?"
மூன்று தரம்.
"சரி, கருப்புத் திரையத் தொறங்."

அவன் சொல்லச் சொல்ல அடித்தேன்.
நூற்றிருபத்தேழு, புள்ளி,
சுழி, புள்ளி, சுழி, புள்ளி, ஒன்று.
பெட்டி தன்னைத் தானே கூப்பிட்டுப் பார்க்கிற எண்ணாம்.
நான்கு தரம் கூப்பிட்டது.
நான்கு தரமும், கூப்பிட்ட வாய் மூடுமுன்
இருக்கிறேன் என்றது.

"உள்ளுக்குள்ள எல்லாம் சரிங்க்கா. வெளியதான் கோளாறு."
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஈரோட்டு ஸ்கேன் சென்டரில்
இதைத் தலைகீழாகச் சொன்னார்கள்.

சிசிடிவி பெட்டியின் ஒயரைப் பிடுங்கி
இதில் மாட்டினேன். அதே சிவப்பு.
என் ஒயரை அதில் மாட்டினேன்.
பச்சை, பளிச்சென்று.
ஆக, இத்தனை நேரம் நான் திட்டியது
குற்றமில்லாத ஒயரை.

"அட்டைதானுங். கழட்டிப்புடுங்."
கழற்றுவதா, நானா?
"கரண்டப் புடுங்கிட்டுத்தானுங்."

நாலு திருகு. ஒன்று மேசைக்கடியில் உருண்டது,
இன்னும் அங்கேதான் கிடக்கிறது.
உள்ளே ஒரு விரற்கடை தூசி,
பைபாஸில் போன வண்டிகள் எல்லாம்
ஆளுக்குக் கொஞ்சம் விட்டுப்போனது.
போன ஐப்பசி இடியில் சொந்த வாய் கருகியபின்
முந்நூறு ரூபாய்க்கு வாங்கிச் செருகிய அட்டை அது.
ஒவ்வொரு லாரி உறுமும்போதும்
மேசை அதிர, மயிரிழை மயிரிழையாக
மேலே எழும்பியிருக்கிறது.

அடியில் வரிசையாகப் பொன்பூச்சுப் பற்கள்.
என் தாலிக்கொடி கூட்டுறவு வங்கியில் இருக்க
இத்தனூண்டு தங்கம் இதன் வாய்க்குள்ளே!
கருத்துப் போயிருந்தது.

"அழிரப்பர் இருக்குதுங்ளா?"

பேரேட்டின் பென்சில் கணக்கை அழிக்க
காலையில் பையில் போட்டுக்கொண்டு வந்தது.
அன்னாசிப்பழ வாசனை வரும் ரப்பர்.
தேய்த்தேன்,
ஒரே திசையில், மெல்ல.
டார்ச் பிடித்த அங்கப்பன் சொன்னார்:
"எம்பட எக்செல்லுக்கு பிளக்க இப்பிடித்தானுங்
உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன்."

செருகிப் போட்டேன்.
அட்டை இருப்பதாகவே பெட்டிக்குத் தெரியவில்லை.
"பக்கத்துப் பொந்துல செருகுங். ராக்கியண்ணன நெனச்சுட்டு
நல்லா அழுத்துங்."
ராக்கியண்ணன் எங்கள் முதலாளி.
அழுத்தினேன். டக் என்றது.

மஞ்சள்.
மஞ்சள்.
அப்புறம் ஒரு மினுக்கல், பச்சை.
அதுவரை நூற்றறுபத்தொன்பதில் தொடங்கும்
ஏதோ ஒரு விலாசத்தை,
கொடுப்பார் இல்லாததால்
தானே சூட்டிக்கொண்டிருந்த பெட்டி
அதை உதறிவிட்டு
பழைய வீட்டு எண்ணைச் சொன்னது.

பத்து ஐம்பதுக்கு பில் ஓடியது.
அங்கப்பன் தாளை ஒருதரம் ஊதி மடித்தார்.
எலுமிச்சம்பழம் நசுங்கிற்று.

வண்டி விலகியதும்
செல்லில் நாலு கோடு.
ஒன்பது மணியிலிருந்து தேங்கியதெல்லாம்
மடமடவென்று வந்து விழுந்தன.
கடைசியில் மகள்:
"மா, என் ரப்பரக் காணோம்.
நாளைக்கு டிராயிங் பரீட்சை.
உன் பேக்குல இருக்கா?"

இருக்கு, என்று அனுப்பினேன்.
ஒரு பக்கம் கருப்பு. மோந்தால்
இன்னமும் அன்னாசிதான்.